நிமிரும் முதுகும் நிமிராத முதுகும்

‘நேராக நில்’ என்பது வளரும் பிள்ளைகள் வீட்டிலும் பள்ளியிலும் அடிக்கடி கேட்கும் கட்டளை. கேட்டவுடன் பெரும்பாலோர் தோளை விரித்து நிமிர்வர். சற்று நேரத்தில் பழையபடி தளர்வர். எத்தனை முறை சொல்லியும் நேராக நிற்க இயலாத சிலரும் உளர். அவர்கள் சொற்கேளாதவர்கள் அல்லர். அவர்களுடைய முதுகெலும்பே வளைந்து வளர்கின்றது. முன்னது தோரணைக் குறை. பின்னது முதுகெலும்புப் பக்கவளைவு. மருத்துவர்கள் இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கண்டித்துக்கொண்டிருக்கும்போது வீணாவது, மருத்துவம் பயன்தரக்கூடிய காலமாகும்.

வளைவு என்பதே நோயன்று. நம் முதுகெலும்புத் தொடரில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. பக்கவாட்டில் நோக்கினால் அத்தொடர் கழுத்தில் முன்னோக்கியும், மார்புப் பகுதியில் பின்னோக்கியும், இடுப்பில் மீண்டும் முன்னோக்கியும் வளைந்திருக்கும். உடலின் எடையைத் தாங்கவும் அதிர்வைக் குறைக்கவும் இவ்வளைவுகள் உதவுகின்றன. பின்னாலிருந்து நோக்கினாலோ, தொடர் நேர்க்கோடாகத் தோன்ற வேண்டும். குனிந்து அமரும் பழக்கம் உடையவரிடம், இயல்பான பின்வளைவு மிகுதியாகக் காணப்படும். தசைகள் சோர்ந்திருக்குமே தவிர, எலும்பின் வடிவம் மாறியிருக்காது. ஆகவே முயன்றால் நிமிரலாம். படுத்தாலும் முதுகு நேராகிவிடும்.

பக்கவளைவில் முதுகெலும்புத் தொடர் இடமாகவோ வலமாகவோ வளைகின்றது. அதனுடன் முள்ளெலும்புகள் தம் அச்சில் முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றன. சுழற்படிக்கட்டில் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து சற்றே திரும்பியிருப்பது போன்றது இது. மார்புப் பகுதி முள்ளெலும்புகளோடு விலா எலும்புகள் இணைந்திருப்பதால், முறுக்கின்போது அவையும் உடன் திரும்பி முதுகின் ஒரு பக்கத்தில் மேடாக எழும்புகின்றன. இந்த முறுக்கே இரண்டு நிலைகளையும் பிரித்தறிய உதவும் தெளிவான அடையாளம்.

இவ்வடையாளத்தை வெளிப்படுத்தும் எளிய சோதனையை ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865ஆம் ஆண்டு விளக்கினார். பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நின்று, உள்ளங்கைகளை இணைத்துக் கைகளைத் தொங்கவிட்டு, முதுகு தரைக்கு இணையாகும் வரை குனிய வேண்டும். வீட்டார் ஒருவர் பின்னாலிருந்து, தம் கண்களை முதுகின் மட்டத்துக்குத் தாழ்த்தி நோக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இருந்தால், பெரும்பாலும் அது தோரணைக் குறையே. ஒரு பக்கம் மேடாக எழுந்திருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு தோள்பட்டை எலும்பு துருத்தியிருத்தல், கைக்கும் இடுப்புக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் வேறுபடுதல் ஆகியவையும் கருதத்தக்கவை. அளவெடுத்துத் தைத்த சீருடையின் கீழ் ஓரம் ஒரு பக்கம் ஏறி நிற்பதைத் தையற்காரரே முதலில் கண்டு சொல்வதும் உண்டு. ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தாலும் முதுகு சாய்ந்து தோன்றலாம். அச்சாய்வு அமர்ந்தவுடன் மறைந்துவிடும்.

பக்கவளைவு ஏன் தோன்றுகிறது? வளரிளம் பருவத்தினர் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு இது காணப்படுகிறது. பெரும்பாலோரிடம் திட்டவட்டமான காரணம் புலப்படுவதில்லை. மரபின் பங்கு உண்டென்பது மட்டும் தெளிவு. புத்தகப் பையின் பாரமோ கோணலாக அமரும் பழக்கமோ இதனை உண்டாக்குவதாகச் சான்றில்லை. கனமான பை முதுகுவலி தரும் என்பதால் அதன் எடையைக் குறைப்பது நன்றே. ஆயினும் அதனையே காரணமாக்கிப் பிள்ளையைக் குறை கூறுவது பொருந்தாது. சிறிய வளைவுகள் இருபாலரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றுகின்றன. மருத்துவம் தேவைப்படும் அளவுக்குப் பெரிதாபவை பெண்பிள்ளைகளிடமே மிகுதி.

உயரம் விரைந்து கூடும் மாதங்களில் வளைவும் விரைந்து கூடுகிறது. நின்ற நிலையில் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் வளைவின் கோணத்தை அளப்பர். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் பெயரால் இது ‘காப் கோணம்’ எனப்படுகிறது. 10 பாகைக்குக் குறைந்தது பக்கவளைவாகக் கொள்ளப்படுவதில்லை. 10 முதல் 25 பாகை வரை உள்ளதைப் பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து கண்காணித்தாலே போதும். அதற்கு மேல் ஏறத்தாழ 45 பாகை வரை, வளர்ச்சி எஞ்சியிருப்பவருக்கு உடலை அணைத்துப் பிடிக்கும் கடினமான கவசப்பட்டை தரப்படும். அதனையும் கடந்து பெருகும் வளைவுக்கு அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

கவசப்பட்டையின் பயனை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அவ்வாய்வில், பட்டை அணிந்தோரில் 72 விழுக்காட்டினர் வளைவு 50 பாகையை எட்டாமலேயே வளர்ச்சியை நிறைவு செய்தனர். அணியாதோரில் 48 விழுக்காட்டினரே அவ்வாறு தப்பினர். அணிந்திருந்த நேரம் கூடக்கூடப் பயனும் கூடியது. எலும்பு வளர்ச்சி முடிந்தபின் இப்பட்டையால் அத்தகைய பயன் இல்லை. எண்ணெய் தடவி நீவிவிடுதல் வலியைத் தணிக்கலாம். முறுக்கிய எலும்பை அது திருப்பாது. அதனை நம்பிக் கழிக்கும் ஓராண்டு, பட்டை பயன்தந்திருக்கக்கூடிய ஆண்டாக இருக்கலாம்.

காலத்தை விழுங்கும் மற்றொன்று கூச்சம். மேலாடையால் முதுகை மறைத்துக்கொள்ளும் பெண்ணும், வெளியில் தெரிந்தால் திருமணம் தடைப்படுமோ என அஞ்சும் பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். உடலின் கோணலை உள்ளத்தின் கோணலாகக் காட்டும் பழக்கம் இலக்கியங்களில் வேரூன்றியது. நமக்குக் கூனி இருப்பதுபோல் ஆங்கிலேயருக்கு ஷேக்ஸ்பியர் படைத்த மூன்றாம் ரிச்சர்டு இருக்கிறான். அம்மன்னனின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. நாடகம் காட்டிய கூன் அதில் இல்லை. வளரிளம் பருவத்தில் தோன்றிய பக்கவளைவே இருந்தது. ஒரு தோள் சற்றே உயர்ந்திருக்கும், நல்ல தையலில் அதுவும் மறைந்திருக்கும் என்பது ஆய்வாளர் முடிவு. நம் காலத்தில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கும் பக்கவளைவு உண்டு.

ஐயம் எழுந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ முதலில் காட்டலாம். அவர்கள் எலும்பியல் மருத்துவரிடம் அனுப்புவர். உறக்கத்தைக் கெடுக்கும் முதுகுவலி, காலில் மரப்பு அல்லது வலுவின்மை, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை சேர்ந்திருந்தால் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயரம் கூடிய வேகம், பெண்பிள்ளையாயின் பூப்பெய்திய காலம், குடும்பத்தில் வேறெவருக்கேனும் வளைவு உண்டா என்பன மருத்துவர் கேட்கும் வினாக்கள். முதற்படத்தோடு ஒப்பிட்டால்தான் வளைவு கூடியதா என்பது தெரியும். எனவே ஒவ்வொரு முறை செல்லும்போதும் பழைய ஊடுகதிர்ப் படங்களை உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.