முடியளவு வாய்க்காலில் கடல்நீர்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதைக் குடிநீராக்க இன்று பெரிதும் கையாளப்படுவது ஆர்.ஓ. முறை. சென்னைக்காக மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இயங்கும் நிலையங்கள் அந்த வகைதான். உயர் அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வின்மேல் தள்ளினால், நீர் ஊடுருவிப் போகும், உப்பு நின்றுவிடும். ஆனால் அந்தச் சவ்வில் பாசியும் சேறும் நுண்ணுயிரும் படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்காக முன்வடிகட்டல், பம்பு, ஓயாத பராமரிப்பு என்று செலவு நீள்கிறது. பெருநகரம் தாங்கும். சிறு தீவோ, நடுக்கடலில் இருக்கும் படகோ தாங்காது.

உப்பைத் தடுத்து நிறுத்தாமல் வேறு பக்கம் திருப்பிவிட முடியுமா? அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்டின் நகரில், பேராசிரியர் ரிச்சர்டு குரூக்ஸின் ஆய்வகம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகமும் கைகோத்தது. 2013இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சி மாணவர்.

கருவியைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஒளி ஊடுருவும் ஒரு துண்டு ரப்பர், அதனுள் தலைமுடி அகலத்தில் வாய்க்கால்கள். இத்தகைய கருவிகளைச் செய்யும் முறை அழகானது. சிலிக்கான் தகட்டின்மேல் ஒளியின் உதவியால் புடைப்புக் கோடுகளை உருவாக்குகிறார்கள். அதன்மேல் பி.டி.எம்.எஸ். என்னும் சிலிகான் ரப்பரைக் கூழாக ஊற்றிச் சூட்டில் இறுகவைத்து உரிக்கிறார்கள். புடைப்பு இருந்த இடமெல்லாம் பள்ளமாகிவிடும். கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் மூடிய வாய்க்கால் தயார். இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர்களின் காலத்தில் ஒரு பங்கு இந்த ஒட்டலுக்கும், உள்ளே புகுந்த ஒரு காற்றுக்குமிழியை வெளியேற்றுவதற்கும் போகிறது.

டெக்சஸ் கருவியில் வாய்க்கால் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் ஒரு மின்முனை. 3 வோல்ட் கொடுத்ததும், அங்கே வரும் குளோரைடு அயனிகளில் ஒரு பகுதி மின்னூட்டத்தை இழந்து குளோரினாகிறது. அந்த இடத்தில் அயனிகள் குறைகின்றன, மின்தடை கூடுகிறது, மின்புலம் வலுக்கிறது. பின்னால் வரும் நேரயனிகள் அந்தப் புலத்தைக் கடக்க மாட்டாமல் பக்கத்துக் கிளைக்குத் திரும்புகின்றன. மின்சமநிலை குலையக்கூடாது என்பதால் எதிரயனிகளும் கூடவே போகின்றன. ஒரு கிளையில் உப்பு குறைந்த நீர், மறு கிளையில் உப்பு கூடிய நீர். இடையில் சவ்வே கிடையாது.

பெரிய குழாயில் இதைச் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்ய முடியாது. பெரிய குழாயில் நீர் சுழன்று புரளும். பிரித்த உப்பு மறுநொடியே கலந்துவிடும். முடியளவு வாய்க்காலில் நீர் வரிச்சீராக ஓடுகிறது. பக்கம் பக்கமாகப் போகும் இரண்டு ஓட்டங்கள் சட்டென்று கலப்பதில்லை. கருவி வேலை செய்வதற்குக் காரணமே அதன் சிறுமைதான்.

அதன் சங்கடமும் அந்தச் சிறுமைதான். அந்த வாய்க்கால் தந்தது நிமிடத்துக்குச் சுமார் 40 நானோலிட்டர். அப்படியே ஓடினால் ஒரு லிட்டர் நிறைய 47 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீங்கிய உப்பும் 25 சதவீதமே. மீதி, லிட்டருக்கு 26 கிராம். குடிநீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். 99 சதவீதம் நீக்கினால்தான் குடிக்கலாம் என்பதை அந்தக் குழுவே வெளிப்படையாகச் சொன்னது. அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதற்கு முன்பே, 2010இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஜோங்யூன் ஹானின் குழு வேறொரு வழியில் வெகுதூரம் போயிருந்தது. வாய்க்காலின் ஓரத்தில் நேரயனிகளை மட்டும் விடும் நாஃபியான் என்னும் பொருளைப் பதித்தார்கள். மின்னழுத்தம் தந்ததும் அதனருகே அயனி வற்றிய பகுதி உருவாகி, மின்னூட்டம் கொண்ட அனைத்தையும் விலக்கியது. நீர் அந்தப் பொருளுக்குள் புகுந்து போகவில்லை, பக்கத்தில் ஓடியது. எனவே அடைப்புக்கு வழி குறைவு. கடற்கரையில் எடுத்த நீரில் பிளாஸ்டிக் துகளும் புரதமும் மனித இரத்தமும் கலந்து சோதித்தார்கள். உப்பும் மாசும் 99 சதவீதத்துக்கு மேல் நீங்கின. 8 அங்குலத் தகட்டில் 1,600 அலகுகள் அமைத்தால் மணிக்கு 15 லிட்டர் கிடைக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

அந்தத் தத்துவம் 2022இல் ஒரு கைப்பெட்டிக்குள் வந்தது. எடை 10 கிலோவுக்கும் குறைவு. பாஸ்டனின் கார்சன் கடற்கரையில் நீரில் குழாயைப் போட்டு இயக்கினார்கள். அரை மணி நேரத்தில் ஒரு குவளை குடிநீர் நிறைந்தது. எஞ்சிய உப்பை நீக்க மின்கூழ்ப்பிரிப்பு என்ற பழைய முறையையும் துணைக்குச் சேர்த்திருந்தார்கள். தந்த அளவு மணிக்கு 0.3 லிட்டர். லிட்டருக்கு 20 வாட்-மணி மின்சாரம் பிடித்தது. பெரிய ஆர்.ஓ. நிலையங்களுக்கு 3 அல்லது 4 வாட்-மணி போதும்.

ஆகவே இது நகரத்துக்கான கருவி ஆகாது. வெள்ளம் சூழ்ந்த ஊருக்கும், தீவுக்கும், படகுக்கும் உரியது. சிறிய சூரியத் தகடு ஒன்றே இதை இயக்கப் போதும். வாய்க்காலை அகலமாக்கியும் உப்பு விலகும் பகுதி கலையாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு முழுமையான விடை இன்னும் வரவில்லை. இயற்பியலோ வேதியியலோ படித்துவிட்டு ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும்.