பட்டாள வேலைக்கு மலைக்கால் மட்டும் போதாது! வடகவுஞ்சி வாலிபர்களுக்குச் சவால் விடும் 5½ நிமிடம்

கொடைக்கானல்:

பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் மலைச்சாலையில் இருக்கிறது வடகவுஞ்சி. சுற்றிலும் காடு. தோட்டங்களில் காபி, மிளகு, மலைவாழை. மேடு ஏறி, பள்ளம் இறங்கிப் பழகிய கால்கள்.

"இந்த ஊர்ப் பசங்களுக்குப் பட்டாளத்து ஓட்டம் எல்லாம் ஒரு பெரிய காரியமாப்பா?" என்று யாரும் சுலபமாகக் கேட்டுவிடலாம்.

பெரிய காரியம்தான்!

மேடு ஏறுவது வேறு. சமதளத்தில் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓடுவது வேறு. மூச்சு இருந்தும், தெம்பு இருந்தும், சில வினாடிகளில் வேலையைக் கோட்டை விடும் ஆபத்து மலைக் கிராமத்துப் பையன்களுக்கு அதிகம்.

அதிலும் வயது காத்திருக்காது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'அக்னிபத்' திட்டம் அறிவிக்கப்பட்டபோது, 17½ வயது முதல் 21 வயது வரை என்று வரம்பு வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு பையனுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு வாய்ப்புதான். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னால் கதவு பாதி மூடிவிடும்!

வினாடிக் கணக்கு

ஓட வேண்டிய தூரம் 1.6 கிலோ மீட்டர். 400 மீட்டர் மைதானத்தில் சரியாக நான்கு சுற்று.

5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு மார்க்: 60. அதற்கு மேல் 5 நிமிடம் 45 வினாடி வரை 48 மார்க். 2025-ஆம் ஆண்டு அறிவிப்பில் இன்னும் இரண்டு படி சேர்த்தார்கள். 6 நிமிடம் வரை 36 மார்க். 6 நிமிடம் 15 வினாடி வரை 24 மார்க். அதற்கு மேல் ஒரு வினாடி போனாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முழு மார்க் வேண்டும் என்றால் ஒரு சுற்றை 82 வினாடியில் முடிக்க வேண்டும். முதல் சுற்றில் 70 வினாடியில் பறந்து, மூன்றாவது சுற்றில் நாக்குத் தள்ளி நிற்பது புதுப் பையன்கள் செய்யும் தவறு. கூட்டமாக ஓடவிடும்போது பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து வேகம் எடுத்துவிடுவார்கள். ஆனால் அவனோடு அல்ல போட்டி, கடிகாரத்தோடுதான்!

எங்கே பழகுவது?

மலைக் கிராமங்களில் 400 மீட்டர் வட்டத்துக்குச் சமதளம் கிடைப்பது அபூர்வம். தார் ரோடு உண்டு. ஆனால் அது ஏறும், இறங்கும், வளையும். பஸ்ஸும் லாரியும் வரும். தினமும் இறக்கத்தில் வேகமாக ஓடினால் முழங்கால் வலி வரும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் ஏற்றத்தில் ஓடலாம். தொடைக்கும் மூச்சுக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இரண்டு நாள், கிடைக்கிற 100 மீட்டர் சமதளத்தில் வேக ஓட்டம். வாரம் ஒரு நாளாவது பழனிப் பக்கம் இறங்கி, அளந்த மைதானத்தில் நான்கு சுற்று ஓடி நேரம் பார்க்க வேண்டும். மீதி நாட்களில் மெதுவான ஓட்டமும் ஓய்வும். மூன்று மாதமாவது இப்படிச் செய்தால்தான் உடம்பு பழகும்.

கீழே இறங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. மலையில் காற்று குளிர்ச்சி. கீழே வெயில். குளிரில் பழகிய உடம்பு சமவெளி வெக்கையில் சீக்கிரம் தளரும். முகாம் நடப்பது சமவெளியில்தான். 2022-ல் கோவை ராணுவ ஆள் சேர்ப்பு அலுவலகத்தின் முகாம் திருப்பூர் மாவட்டம் அவிநாசியில் நடந்தது. திண்டுக்கல் மாவட்டம் கோவை அலுவலகத்தின் கீழ் வருவதால் வடகவுஞ்சிக்காரர்களுக்கும் அதே வரிசைதான். விடிவதற்கு முன்பே கியூவில் நிற்க வேண்டியிருக்கும். முதல் நாளே போய்ச் சேர்ந்து நன்றாகத் தூங்குவது புத்திசாலித்தனம்.

கம்பியும் பள்ளமும்

ஓட்டம் முடிந்ததும் ஆயாசம் தீருவதற்குள் கம்பி காத்திருக்கும். கம்பியில் தொங்கி, தாடை மேலே வரும்படி உடம்பைத் தூக்க வேண்டும். 10 தடவை தூக்கினால் 40 மார்க். 6 தடவை என்றால் 16 மார்க்தான். காலை உதறி ஆட்டம் போட்டால் கணக்கில் சேராது. ஒரு இரும்புப் பைப், இல்லாவிட்டால் உறுதியான மரக்கிளை போதும். வீட்டு வாசலிலேயே பழகலாம்.

அடுத்து 9 அடி பள்ளத்தைத் தாண்டுவது. பிறகு வளைந்து வளைந்து போகும் குறுகிய கட்டை மேல் விழாமல் நடப்பது. இரண்டுக்கும் மார்க் கிடையாது. ஆனால் தேறியே ஆகவேண்டும்.

பெண்களுக்கும் இடம் உண்டு. ராணுவ போலீஸ் பிரிவில் அவர்கள் அதே 1.6 கிலோ மீட்டரை அதிகபட்சம் 8 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 10 அடி நீளம், 3 அடி உயரம் தாண்ட வேண்டும்.

முதலில் பரீட்சை!

முன்பெல்லாம் முதலில் ஓடவிட்டு, தேறியவர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். 2023 முதல் இது தலைகீழ். கம்ப்யூட்டர் பரீட்சை முதலில். அதில் பெயர் வந்தால்தான் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள். காலை மட்டும் நம்பி இருந்தால் மைதானத்தைப் பார்க்கவே முடியாது!

பொதுப் பணி வீரர் வேலைக்கு 10-ம் வகுப்பு பாஸ் வேண்டும். மொத்தத்தில் 45 சதவீதமும், பாடத்துக்கு 33 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். பரீட்சையில் பொது அறிவு, அறிவியல், கணக்கு. ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி. தப்பு விடைக்கு மார்க் பிடித்தம் உண்டு. குத்துமதிப்பாக அடித்துவிட முடியாது. 2025-ல் 13 மொழிகளில் பரீட்சை நடந்தது. அதில் தமிழும் ஒன்று. இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை.

உயரம் முதல் பல் வரை

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பொதுப் பணி வீரர் உயரம் 166 சென்டி மீட்டர். மார்பு 77, மூச்சை இழுத்தால் 5 சென்டி மீட்டர் விரிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி ஆதிவாசிகளுக்கு உயரம் 162 போதும் என்று விதி இருக்கிறது. இது தங்களுக்குப் பொருந்துமா என்று மலைவாழ் குடும்பத்துப் பையன்கள் விண்ணப்பம் போடும் முன்பே கோவை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

டாக்டர் பரிசோதனையில் கண், காது, பல், கால் எல்லாம் பார்ப்பார்கள். தட்டைப் பாதம், முட்டிகள் இடிக்கும் கால் இருந்தால் தள்ளிவிடுவார்கள். காதில் அழுக்கு, சொத்தைப் பல் இரண்டையும் முன்கூட்டியே கவனித்துவிடலாம். ஆசைக்குப் பச்சை குத்திக்கொண்டவர்களுக்கும் சிக்கல். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி இல்லை; பழங்குடி வழக்கத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

பறந்து வராத சர்டிபிகேட்!

ஓடி ஜெயித்தவனைக்கூட ஒரு காகிதம் கவிழ்த்துவிடும்.

பள்ளி மார்க் ஷீட், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, கல்யாணம் ஆகவில்லை என்ற சான்று, ஆதார், போட்டோக்கள்... பட்டியல் நீளம். பெயரில் ஒரு எழுத்து மாறி இருந்தாலும், பிறந்த தேதி ஆதாரில் ஒன்று மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தாலும் தொல்லை.

பழங்குடியினருக்குச் சாதிச் சான்று தருவது தாசில்தார் அல்ல, ஆர்.டி.ஓ. விசாரணை நடந்து கைக்கு வர நாளாகும். கூப்பிடு கடிதம் வந்த பிறகு கொடைக்கானலுக்கு பஸ் ஏறினால் காரியம் ஆகாது. விண்ணப்பம் போடும் அன்றே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் அந்தச் சர்டிபிகேட்டைத் தேடி எடுப்பது நல்லது. போனஸ் மார்க் உண்டு!

இன்டர்வியூ யாருக்கு?

"மிலிட்டரி இன்டர்வியூவில் என்ன கேப்பாங்க?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி.

சாதாரண வீரருக்கு மேஜை போட்டு உட்கார வைத்துக் கேட்கும் இன்டர்வியூ கிடையாது. பட்டாள வாழ்க்கைக்கு மனசு ஒத்து வருமா என்று பார்க்க ஒரு தகுதிச் சோதனை மட்டும் வைக்கிறார்கள்.

பெரிய இன்டர்வியூ ஆபீசர் வேலைக்குத்தான். எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை ஐந்து நாள் தங்க வைத்துச் சோதிப்பார்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். குழுவாக மூங்கிலும் கயிறும் கொடுத்துத் தடை தாண்டச் சொல்வார்கள். பிறகு தனியாக ஒரு அதிகாரி பேட்டி எடுப்பார். ஊர், குடும்பம், படிப்பு, விளையாட்டு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். மனப்பாடம் செய்த பதில் அங்கே செல்லாது. மிளகு எப்போது பறிப்பது, மழையில் மண் சரிந்தால் ஊர் என்ன செய்கிறது என்று தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னால் அதுவே மதிப்பு. பிளஸ் 2 படிக்கிற பையன்களும் பெண்களும் இந்த வழியையும் யோசிக்கலாம்.

நாலு வருஷம்... பிறகு?

2022 அறிவிப்பின்படி அக்னி வீரருக்கு முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30 ஆயிரம். கையில் வருவது 21 ஆயிரம். மீதி 9 ஆயிரம் நிதியில் சேரும். அரசும் அதே தொகையைப் போடும். நான்காம் ஆண்டில் சம்பளம் 40 ஆயிரம். முடியும்போது 10 லட்சத்து 4 ஆயிரமும் வட்டியும் கிடைக்கும்.

ஆனால் நான்கு ஆண்டுக்குப் பிறகு, நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு போவது முக்கியம். வீட்டில் அப்பா, அம்மாவிடமும் சொல்லிவிடுவது இன்னும் முக்கியம்.

தரகர் ஜாக்கிரதை!

"மேலிடத்தில் ஆள் இருக்கு. ஒன்றரை லட்சம் கொடுத்தா ஆர்டர் வீட்டுக்கே வரும்" என்று பேசுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. நம்பித் தோட்டத்தை அடகு வைத்தால் வேலையும் போகும், தோட்டமும் போகும்.

2025-ல் பரீட்சைக்கு வாங்கிய கட்டணம் 250 ரூபாய். அவ்வளவுதான்! அதற்கு மேல் யாருக்கும் ஒரு காசு கொடுக்கத் தேவையில்லை. ஓடுகிற நேரத்தைக் கடிகாரம் சொல்கிறது. பரீட்சையைக் கம்ப்யூட்டர் திருத்துகிறது. இதில் தரகருக்கு என்ன வேலை?

மெட்ராஸ் ரெஜிமெண்டின் வரலாறு 1758-ல் தொடங்குகிறது. அதன் பயிற்சி மையம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. அந்தக் குளிரும் மேடும் பழனி மலைப் பையன்களுக்குப் புதிதல்ல.

அங்கே போய்ச் சேர, இங்கே அதிகாலை 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் கணக்குப் புத்தகம். மலை கொடுத்த கால் ஏற்கனவே இருக்கிறது!