தோப்பலோவ்–ஆனந்த் 12ஆம் ஆட்டம், 2010

தோப்பலோவ்–ஆனந்த் 12ஆம் ஆட்டம் என்பது 2010ஆம் ஆண்டு உலக சதுரங்க வாகையாளர் போட்டியின் இறுதி ஆட்டமாகும். இது பல்கேரியாவின் தலைநகரான சோஃபியாவில் மே 11 அன்று நடைபெற்றது. உள்ளூர் வீரரான வெசெலின் தோப்பலோவ் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த், கறுப்புக் காய்களுடன் 56 நகர்த்தல்களில் வென்று உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார்.

பின்னணி

ஐசுலாந்து எரிமலைச் சாம்பலால் வான்வழிப் போக்குவரத்து நின்றுபோனதால், ஆனந்த் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியே பயணம் செய்து சோஃபியாவை அடைந்தார். போட்டி ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. 11 ஆட்டங்களின் முடிவில் இருவரும் 5½ புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தனர். கடைசி ஆட்டமும் சமனானால் விரைவு ஆட்டங்கள் நடைபெறும். அவ்வகை ஆட்டத்தில் ஆனந்த் பெயர்பெற்றவர் என்பதால், தோப்பலோவ் அதற்கு முன்பே முடிவு காண முயன்றார்.

லாசுகர் தற்காப்பு

கறுப்புக் காய்களுடன் ஆனந்த் முன்பு ஆடிய குரூன்ஃபெல்டு, சிலாவ் ஆகிய இரு தற்காப்புகளிலும் ஒவ்வொரு தோல்வி நேர்ந்திருந்தது. எனவே இறுதி ஆட்டத்தில் அவர் லாசுகர் தற்காப்பைத் தேர்ந்தார். 1894 முதல் 1921 வரை உலக வாகையாளராக இருந்த இம்மானுவேல் லாசுகரின் பெயரைக் கொண்ட இம்முறை, அந்நாளைய உலகப் பட்டப் போட்டிகளில் அரிதாகவே காணப்பட்டது. கறுப்பின் குதிரை 7ஆவது நகர்த்தலில் நடுக்கட்டமான இ4-க்குப் பாய்ந்து, காய்களை மாற்றிக்கொள்ளத் தூண்டுகிறது. காய்கள் குறையக் குறைய, நெருக்கடியில் உள்ள கறுப்புக்கு இடம் கிடைக்கிறது. வெற்றியைவிடச் சமநிலைக்கே உரிய முறை என்றே இது கருதப்பட்டது.

திருப்பம்

ஆனந்தின் அமைச்சர் பலகையின் மூலையில் நின்றது. அதன் மூலைவிட்டத்தின் மறுமுனையருகே வெள்ளை அரசன் இருந்தான். இடையே ஒரு வெள்ளைக் காலாள் காவல் காத்தது. 31ஆவது நகர்த்தலில் ஆனந்த் தம் காலாளை இ4-இல் வைத்துப் பலியாக நீட்டினார். காவற்காலாளைக் கொண்டே தோப்பலோவ் அதனை வெட்டினார். இதுவே ஆட்டத்தை இழந்த பிழையாகும். ஆனந்தின் அரசி அக்காலாளை வெட்டி முற்றுகை வைத்ததும் மூலைவிட்டம் முழுவதும் திறந்துகொண்டது. வெள்ளை அரசன் காவலின்றிப் பலகையின் ஓரத்தில் நான்காம் வரிசை வரை துரத்தப்பட்டான். பின்னர் தம் அரசியையும் இழந்த தோப்பலோவ், கோட்டையையும் குதிரையையும் கொண்டு சிறிது நேரம் போராடித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

போட்டி 6½–5½ என்ற புள்ளிகளில் முடிந்தது. ஆனந்த் 2013இல் சென்னையில் மாக்னசு கார்ல்சனிடம் தோற்கும் வரை பட்டத்தை வைத்திருந்தார்.