பக்கத்தில் ஒருவர் நின்றால்

பள்ளிக்கூடம் படிக்கும் இடம். சில பிள்ளைகளுக்கோ அது பயப்படும் இடம். பாடத்தைக் கண்டு பயமில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளைக் கண்டுதான் பயம்.

ஒரு பிள்ளைக்குத் திக்குவாய். ஒரு பிள்ளை வீட்டில் வேறு மொழி பேசும். இன்னொரு பிள்ளையின் சாதியைச் சொல்லிக் குத்திக் காட்டுவார்கள். பட்டப்பெயர் வைப்பார்கள். பையை ஒளிப்பார்கள். தலையில் குட்டுவார்கள்.

"பிள்ளைகள் விளையாட்டு" என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தால் அது விளையாட்டு. ஒருவர் சிரிக்க மற்றவர் அழுதால் அது கொடுமை.

மூன்றாவது ஆள்

கொடுமை செய்பவர் ஒருவர். படுபவர் ஒருவர். மூன்றாவது ஆள் யார்? வேடிக்கை பார்ப்பவர். வகுப்பில் இவர்கள்தான் அதிகம்.

கேலி செய்பவனுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டம் சிரித்தால் அவனுக்குத் தெம்பு வரும். கூட்டம் எதிர்த்து நின்றால் அவன் வாய் அடங்கும். மைசூர்ப் பக்கம் ராமாபுரமானாலும் சரி, கடல் கடந்த கனடா ஆனாலும் சரி, இது பொருந்தும்.

ரோஜா நிறச் சட்டை

2007ஆம் ஆண்டு. கனடா நாட்டில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரோஜா நிறச் சட்டை போட்டு வந்தான். அதற்காக அவனைக் கேலி செய்தார்கள், மிரட்டினார்கள்.

டேவிட் ஷெப்பர்டு, டிராவிஸ் பிரைஸ் என்ற 12ஆம் வகுப்பு மாணவர்கள் இதைக் கேள்விப்பட்டார்கள். அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. கடைக்குப் போனார்கள். விலை குறைந்த ரோஜா நிறச் சட்டைகள் 50 வாங்கினார்கள். மற்ற மாணவர்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ரோஜா நிறத்தில் வந்தார்கள். யாரை எதற்குக் கேலி செய்வது?

இன்று கனடாவில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் 'ரோஜா நிறச் சட்டை நாள்' நடக்கிறது.

நாங்குநேரி சொல்லும் பாடம்

நம் பக்கத்தில் கொடுமை சட்டையோடு நிற்பதில்லை. சாதியும் சேர்ந்துகொள்கிறது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரை உடன் படித்த சிலர் துன்புறுத்தினார்கள். அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். பிறகு பள்ளியில் புகார் சொன்னார். 2023 ஆகஸ்ட் 9 இரவு, சிலர் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

அந்த மாணவர் பிழைத்தார். அடுத்த ஆண்டு தான் விடை சொல்ல, வேறொருவர் எழுத, தேர்வை முடித்தார். 600க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

அன்று தடுக்க நின்றது தங்கை ஒருத்தி. வகுப்பே முன்னால் நின்றிருந்தால்? இதற்குப் பின் அரசு, நீதிபதி சந்துரு குழுவை அமைத்தது. 2024இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த 'சமூக நீதி மாணவர் படை' வேண்டும் என்று அதில் சொன்னது.

பிள்ளைகள் என்ன செய்யலாம்?

* கேலிக்குச் சிரிக்க வேண்டாம்.
* தனியாக இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடலாம், சேர்ந்து நடக்கலாம்.
* "விடுடா, போதும்" என்று நாலு பேர் சேர்ந்து சொல்லலாம்.
* அடிதடி என்றால் நடுவில் போக வேண்டாம். உடனே ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். இது கோள் சொல்வது ஆகாது.

பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளை திடீரென்று "பள்ளிக்குப் போகமாட்டேன்" என்றால் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் காரணம் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பும் கேளுங்கள். நாங்குநேரி சொல்லும் பாடம் அதுதான்.

கர்நாடகத்தில் 1983ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ராகிங்கைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆபத்தில் உள்ள பிள்ளைக்காக 1098 என்ற எண்ணை அழைக்கலாம். காசு கிடையாது. இரவிலும் பேசலாம்.

சட்டம் வந்து சேர நேரம் ஆகும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை உடனே எழுந்து நிற்கலாம். அப்படி நிற்கும் பிள்ளையை "உனக்கு ஏன் வம்பு?" என்று கேட்காதீர்கள். முதுகில் தட்டிக் கொடுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. விளையாட்டுக்கும் கொடுமைக்கும் என்ன வேறுபாடு?
2. உங்கள் ஊர்ப் பள்ளியில் எந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது? ஏன்?