புகையடுப்பு வாங்கப் போகிறீர்களா?

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி, யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பினால் வீழ்த்திய செய்தியை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அத்தனை இறைச்சியும் கெடாமல் எப்படி இருந்தது என்று எந்தப் பேராசிரியரும் வகுப்பில் கேட்டதில்லை. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கல்லூரிக்கு வரும் எனக்கு அந்த ஐயம் எழக் காரணம் புலவர் அல்லர், என் அம்மாயி.

முன்பு அம்மாயி வீட்டு விறகடுப்பின் மேல் ஒரு கயிறு தொங்கும். கிடாவெட்டு முடிந்தால் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காய்ந்த உப்புக்கண்டம் அந்தக் கயிற்றுக்கு வந்துவிடும். எரிவாயு அடுப்பு வந்தது, கயிறு போயிற்று. “அந்த வாசம் இனி எங்க கண்ணு வரப்போகுது?” என்று அவர் ஒருநாள் சொன்னதைக் கேட்டு, தேர்வுக் கட்டணத்திற்கென எடுத்து வைத்திருந்த பணத்தில் கைவைத்துவிட்டேன். கடையில் விற்கும் மின்சாரப் புகையடுப்பின் விலையைக் கேட்டதுமே அந்த ஆசை அகன்றது. பழைய இரும்புக் கடையொன்றில் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை வாங்கினேன். உள்ளே என்ன இருந்தது என்று கேட்கவில்லை. அதுதான் பிழை.

முதல் நாள் நான்கு கோழிகளைத் தொங்கவிட்டு நெருப்பு மூட்டினேன். உட்புறப் பூச்சு உரிந்து எரிந்தது. “இதென்ன சாமி, சீமெண்ணெய் வாசமடிக்குது!” என்றார் அம்மாயி. நான்கும் எருக்குழிக்குப் போயின. நாய்க்குப் போடவும் மனம் வரவில்லை.

ஆகவே நண்பர்களே, டிரம் வாங்குவதானால் சமையல் எண்ணெய் போன்ற உணவுப் பொருள் இருந்ததையே வாங்குங்கள். உள்ளே வண்ணப்பூச்சு இருந்தால் வெறும் டிரம்மிலேயே பெருநெருப்பு மூட்டி எரித்து, தேய்த்துக் கழுவிய பிறகே இறைச்சியை வையுங்கள். மருந்து, இரசாயனம் இருந்த டிரம்மை எப்படிக் கழுவினாலும் வேண்டாம். துத்தநாகம் பூசிய வாளியும் தகடும் நெருப்பருகே வரவே கூடாது. சூடேறினால் வரும் புகை நச்சு. தகடு மெலிதாக இருந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் சூடு இறங்கும். தட்டிப் பார்த்துக் கனமானதையே எடுங்கள்.

இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், அக்ரா நகரை அடுத்த சோர்க்கோர் என்னும் மீனவர் ஊரின் பெயரால் வழங்கும் அடுப்பு அது. மீன் புகையூட்டும் பெண்களுக்காக 1970-ஐ ஒட்டி உருவானது. செங்கல்லும் மண்ணும் கொண்ட தாழ்ந்த பெட்டி. அதன்மேல் கம்பிவலை அடித்த மரச்சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியதுதான். அடுக்கே புகைபோக்கியாகிவிடுகிறது. விறகும் மிச்சம். இடிந்த சுவரின் செங்கல்லை வைத்து அதேபோல் ஒன்றைக் கொல்லையில் கட்டினேன். காசு கொடுத்து வாங்கியது கம்பிவலை மட்டுமே; அதுவும் துத்தநாகம் பூசாத வலை.

எதை வாங்கினாலும் கட்டினாலும் இரண்டு துளைகளைப் பாருங்கள். கீழே காற்று நுழையும் வழி, மேலே புகை வெளியேறும் வழி. கீழ்வழியைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை ஆளலாம்; மேல்வழியை மூடிவிட்டால் புகை தேங்கி இறைச்சி கசக்கும். வெண்மையாகக் குமுறும் புகை கெட்டது. மெல்லிய நீலப்புகையே நல்லது.

அடுத்து வெப்பமானி. பெட்டியைவிட இதற்கே முதற்காசு என்பது என் கட்சி. பெட்டிக்குள் சுமார் 110 செண்டிகிரேடு இருக்கட்டும். கோழியின் கெட்டியான சதைக்குள் 74 செண்டிகிரேடு எட்டினால்தான் உண்ணத் தக்கது. வேதியியல் ஆய்வகத்துப் பாதரச வெப்பமானியை இரவல் கேட்க எண்ணும் நண்பர்கள், அது உடைந்தால் என்னாகும் என்பதை முதலில் எண்ணிக் கொள்க! சமையலுக்கென்றே விற்கும் ஊசி வெப்பமானிதான் வேண்டும். சூடில்லாமல் புகை மட்டும் காட்டும் முறை நம் ஊர் வெக்கையில் ஆகாது. 5 முதல் 60 செண்டிகிரேடு வரை கிருமிகள் பெருகும் எல்லை என்பது விலங்கியல் மாணவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விறகுக்கு நமக்குப் பஞ்சமில்லை. மா, கொய்யா, மலையிலிருந்து இறங்கும் பலா எல்லாம் ஆகும், நன்றாகக் காய்ந்திருந்தால். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தார் இறைச்சிக்குப் பெரிதும் விரும்பும் ‘மெஸ்கீட்’ மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு என்றால் நம்புவீர்களா? காரமான புகை; கொஞ்சமாகப் போடுங்கள். அரளியும் வண்ணம் பூசிய பலகையும் கூடவே கூடாது.

நாமக்கல் வட்டாரத்தில் முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவு. ஆனால் சதை முரடு. முதலில் மஞ்சளிட்டு வேகவைத்து, பிறகு புகையூட்டினால் பல்லுக்கு இசையும். இலட்சத்தீவில் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்து மாசி செய்வதும் இந்த வரிசையில்தான். ஒரு கிலோவுக்கு இருபது கிராம் உப்பு போதும். ஆனால் மாசியையும் உப்புக்கண்டத்தையும் காப்பது உப்பும் உலர்ச்சியுமே; புகை துணைதான். ஈரம் உள்ள நம் கோழியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் தின்றுவிட வேண்டும்.

இன்னொன்று. புகையூட்டல் போன்ற முறைகளில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் சேர்த்தது. கொழுப்பு நெருப்பில் சொட்டினால் தீங்கு மிகும். இடையே ஒரு தட்டு வையுங்கள். நாள்தோறும் தின்னும் பண்டம் அன்று இது.

இரண்டாம் முறை கோழி சரியாக வந்தது. அம்மாயி ஒரு துண்டைக் கிள்ளி வாயிலிட்டு, “உப்பு பத்தல” என்றார். பிறகு தட்டை நகர்த்தவே விடவில்லை. தேர்வுக் கட்டணத்தைச் சித்தப்பாவிடம் கடன் வாங்கிக் கட்டினேன். அடுப்பு கொல்லையில்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் மேலே ஓலை வேய வேண்டும்.