பொங்கல் சோறு அதிகமானால் மாட்டின் உயிருக்கே ஆபத்து: காரணமும் தடுப்பு முறைகளும்

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புகார், "நேற்று வரை நன்றாக இருந்த மாடு இன்று தீவனமே எடுக்கவில்லை" என்பதுதான். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கொட்டினாலும், அவிழ்ந்த மாடு களத்து நெல்லையோ மக்காச்சோளத்தையோ தின்றுவிட்டாலும் இதே பாதிப்பு வரும். இதற்கு அமில நோய் என்று பெயர்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையான அசையூண் வயிறு மிகப் பெரியது. இதில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள்தான் வைக்கோலையும் புல்லையும் செரிக்க வைக்கின்றன.

இதை ஆராய, கால்நடை ஊட்டச்சத்து விஞ்ஞானிகள் மாட்டின் இடது பக்க வயிற்றில் அறுவை சிகிச்சை மூலம் துளை அமைத்து, மூடி பொருத்துகிறார்கள். அந்த மாடு மற்ற மாடுகளைப் போலவே மேய்ந்து, அசைபோட்டு வாழும். எந்தத் தீவனம் கொடுத்தால் உள்ளே என்ன மாற்றம் வருகிறது என்பதை, மூடியைத் திறந்து வயிற்று நீரை எடுத்துச் சோதித்து அறிகிறார்கள்.

இந்த நீரின் கார அமில நிலை வழக்கமாக 6 முதல் 7 வரை இருக்கும். மாவுச்சத்து திடீரென அதிகமானால், அதை வேகமாகப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. கார அமில நிலை 5.5-க்கும் கீழே இறங்கும்போது நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அழியத் தொடங்கும். வயிற்றின் அசைவு நிற்கும். உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால் கண்கள் குழிவிழும். அமிலம் இரத்தத்தில் கலந்தால் மாடு இறக்கவும் கூடும்.

அறிகுறிகள்

• தீவனம் எடுக்காது, அசைபோடாது
• பால் திடீரெனக் குறையும்
• இடது பக்க வயிறு உப்பும்
• சாணம் இளகி, புளித்த வாடை வரும்
• பல்லைக் கடிக்கும், தள்ளாடும், பிறகு படுத்துவிடும்

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வைத்திருங்கள். நல்ல மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு அசைந்து கையைத் தள்ளும். அசைவே தெரியவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

• மீதமுள்ள சோறு, தானியத்தை அகற்றுங்கள்.
• கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற இலவச எண்ணிலும் உதவி கேட்கலாம்.
• எதை, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதைச் சொல்லுங்கள். சிகிச்சை இதைப் பொறுத்தே அமையும்.
• மருத்துவர் வரும் வரை நிறையத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.
• சமையல் சோடா அமிலத்தை முறிக்கும். ஆனால் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.
• படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

தடுப்பு முறைகள்

• பண்டிகை நாளில் முதலில் வைக்கோல் அல்லது புல் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். பிறகு வழிபாட்டுக்காக ஒரு கைப்பிடிப் பொங்கல் ஊட்டினால் போதும்.
• உறவினர், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வாழைப்பழமும் பொங்கலும் ஊட்டுவதில்தான் அளவு மீறுகிறது. ஊட்டுவதை ஒருவர் மட்டும் கவனிக்கட்டும்.
• ஆடுகளுக்கு மிகக் குறைந்த அளவே ஆபத்தாகும். கூடுதல் கவனம் தேவை.
• அடர்தீவனத்தைக் கூட்ட வேண்டுமானால் இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நுண்ணுயிரிகள் புதிய தீவனத்துக்குப் பழக அவ்வளவு காலம் வேண்டும்.
• அறுவடைக் காலத்தில் களத்துக்கு அருகில் மாட்டைக் கட்டாதீர்கள். தானிய மூட்டைகளைக் கொட்டகையில் வைக்காதீர்கள்.

பிழைத்த மாட்டுக்கும் குளம்பு நோவு, நீடித்த பால் குறைவு போன்ற பாதிப்புகள் வரலாம். எனவே இந்த நோயில் சிகிச்சையை விட முன்னெச்சரிக்கையே லாபம்.