தீ மூட்டுமுன் காற்றை அறிதல்

சேனை நிலத்தில் வெட்டி உலரவிட்ட பற்றைகளையும், தோட்டத்தின் எல்லையிற் குவிந்த சருகுகளையும் எரிப்பதற்குக் கமக்காரர் நாள் பார்ப்பதுண்டு. வானம் தெளிந்திருக்கிறது, காற்றும் ஓய்ந்திருக்கிறது என்று கண்டவுடன் தீ மூட்டுவர். காலையில் ஓய்ந்திருந்த காற்று நண்பகலுக்குப் பின் எழுந்து, அத்தீயை அயலவரின் வேலிக்கோ காட்டிற்கோ கொண்டு செல்வதும் உண்டு. தீ மூட்டும் நேரத்து வானிலையைப் பார்த்தவர், அத்தீ முற்றாக அணையும்வரை நிலவக்கூடிய வானிலையைப் பாராது விட்டமையே இதற்குக் காரணமாகும்.

வானொலியிற் சொல்லப்படும் வானிலை ஒரு மாகாணம் முழுவதற்கும் உரியது. ஆனால் மலைச்சரிவில் வீசும் காற்று அதன் அடிவாரத்தில் வீசுவதில்லை. திறந்த வயலிலுள்ள உலர்ச்சி மரநிழலில் இருப்பதில்லை. ஆகவே, எரிக்கப்படும் அந்த ஒரு துண்டு நிலத்திற்குரிய வானிலையை முன்னரே அறிய வழியுண்டா என்ற வினா எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதற்கென ஓர் ஒழுங்கு நடைமுறையில் உள்ளது. அதனை விளக்கி, நமக்குப் பயன்படக்கூடியவற்றை எடுத்துக் காட்டுவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஓரிடத்திற்குரிய எதிர்வுகூறல்

அந்நாட்டில் காடுகளிலும் புல்வெளிகளிலும் மிகுதியாகச் சேரும் சருகையும் பற்றையையும் குறைத்தற்பொருட்டு, பயிற்சி பெற்றோர் திட்டமிட்டுத் தீ மூட்டுவர். இது திட்டமிட்ட எரிப்பு எனப்படும். தீ மூட்டுமுன் அவர்கள் அந்நாட்டுத் தேசிய வானிலைச் சேவையிடம் அவ்விடத்திற்கு மட்டுமான எதிர்வுகூறலைக் கேட்டுப் பெறுகின்றனர். காட்டுத்தீயை அணைக்கச் செல்வோரும் இவ்வாறே கேட்பர். இருவகைக் கோரிக்கைகளும் ஒரே வேளையில் வந்தால், காட்டுத்தீ பற்றிய கோரிக்கைக்கே முதலிடம் கொடுக்கப்படும். மிகப் பெரிய தீயாயின், வானிலை அறிஞர் ஒருவர் தீ நிகழும் இடத்திற்கே அனுப்பப்படுவார்.

முன்னர் தொலைபேசி மூலமும் தொலைநகல் மூலமும் அனுப்பப்பட்ட இக்கோரிக்கைகள், இன்று பெரும்பாலும் இணையத்தளத்திலுள்ள படிவமொன்றை நிரப்பி அனுப்பப்படுகின்றன. அப்படிவத்திற் கேட்கப்படும் விபரங்கள் நாமும் கவனிக்கத்தக்கவை. அவையாவன:

1. எரிக்கப்படும் இடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும்.
2. அந்நிலத்தின் உயரமும், சரிவு எத்திசையை நோக்கியுள்ளது என்பதும்.
3. நிலத்தின் பரப்பு.
4. எரியவிருப்பது புல்லா, பற்றையா, மரமா என்பதும், அது திறந்த வெளியில் உள்ளதா மரச்செறிவின்கீழ் உள்ளதா என்பதும்.
5. தீ மூட்டும் நாளும் நேரமும்.
6. அவ்விடத்தில் அளந்தறியப்பட்ட வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், திசை ஆகியனவும், அளந்த நேரமும்.

இவற்றுள் ஆறாவது மிக முக்கியமானதாகும். வானிலை நிலையத்திலிருப்பவர் தொலைவிலுள்ள பள்ளத்தாக்கு ஒவ்வொன்றையும் நேரிற் காணமாட்டார். நிலத்தில் நிற்பவர் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளால் அளந்து அனுப்பும் கணக்கே அவருக்குக் கண்ணாக உதவுகின்றது. எரிப்பு நடைபெறும்போது கண்டவற்றையும் அவருக்கு அறிவித்தல் வேண்டும். எதிர்வுகூறியதற்கு மாறாக வானிலை நடந்துகொண்டால் அவர் தமது கூற்றைத் திருத்தி அனுப்புவார்.

விடையிற் கூறப்படுபவை

அனுப்பப்படும் விடையில் வானத்தின் நிலை, வெப்பநிலை, சாரீரப்பதன், காற்று, புகை எழும் உயரம் முதலியன நேரப்பகுதிகளாகப் பிரித்துக் கூறப்படும்.

சாரீரப்பதன் என்பது, வளி தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதில் இருக்கின்றது என்பதைக் குறிக்கும். வெயில் ஏற ஏற இது குறையும். எனவே வழக்கமாகப் பிற்பகலிலேயே இது மிகத் தாழ்ந்திருக்கும். கால் அங்குலத்திலும் மெல்லிய புல்லும் சருகும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் வளியின் உலர்ச்சிக்கேற்ப உலர்ந்துவிடும். தடித்த மரக்குற்றிகள் உலர்வதற்குப் பல நாட்களோ கிழமைகளோ செல்லும். காலை எட்டு மணிக்குப் பனியில் நனைந்து எரிய மறுத்த சருகு, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு பொறியிற் பற்றிக்கொள்வது இதனாலேயாம்.

காற்றின் வேகம் மரஞ்செடிகளின் உச்சிக்கு 20 அடி மேலே வீசும் காற்றாகக் கணிக்கப்படும். அடர்ந்த மரங்களின்கீழ் இவ்வேகம் மிகக் குறைவு. அதே தீ மரச்செறிவை விட்டுத் திறந்த வெளிக்கு வந்தவுடன் விரைந்து பரவும். மலைச்சரிவில் பகலிற் காற்று மேல்நோக்கியும் இரவிற் கீழ்நோக்கியும் வீசும் இயல்புடையது. மேலும் தீயானது சரிவில் ஏறும்போது மேலுள்ள புல்லை முன்னரே சூடாக்கி உலர்த்துவதால், இறங்குவதிலும் பன்மடங்கு விரைவாக ஏறும்.

காற்றே இல்லாத நாள் எரிப்பதற்கு மிக நல்ல நாள் என்று பலர் எண்ணுகின்றனர். அது முற்றிலும் சரியன்று. ஒரே திசையில் மெதுவாகவும் சீராகவும் வீசும் காற்றில், தீ எப்பக்கம் செல்லும் என்பது முன்னரே தெரியும். காற்று ஓய்ந்த நிலையில் அது எப்பக்கமும் திரும்பலாம். புகையும் மேலெழாது தாழ்ந்து கிடந்து, வீடுகளையும் வீதிகளையும் மூடும்.

அறிந்தும் நேர்ந்த அழிவுகள்

எதிர்வுகூறல் இருந்தால் மட்டும் போதாது. அது நிலத்தில் நிற்பவரைச் சென்றடைதல் வேண்டும். 1994 ஆம் ஆண்டு யூலை மாதம் 6 ஆம் திகதி, கொலராடோ மாநிலத்தில் ஒரு மலைச்சரிவிற் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்தவர்களுள் 14 பேர் உயிரிழந்தனர். அன்று பிற்பகல் கடுங்காற்று எழும் என்று வானிலைச் சேவை எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கை சரிவில் நின்றவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளியாயிற்று.

நிலத்தின் உலர்ச்சியையும் சரிவர அறிதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6 ஆம் திகதி நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் சாந்தா பே தேசிய வனத்தில் மூட்டப்பட்ட திட்டமிட்ட எரிப்பு, அன்று பிற்பகலிலேயே எல்லையைக் கடந்தது. அவ்வனத்தின் வேறொரு பகுதியில், சனவரி மாதத்தில் எரிக்கப்பட்ட விறகுக் குவியல்கள் மூன்று முறை பெய்த பனியின்கீழும் அணையாது நிலத்துள் புகைந்திருந்து, ஏப்பிரல் மாதத்தில் மீண்டும் வெளிப்பட்டன. இரு தீக்களும் அம்மாதம் 22 ஆம் திகதி ஒன்றுசேர்ந்து, 3,40,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் நூற்றுக்கணக்கான வீடுகளையும் அழித்தன. அம்மாநில வரலாற்றிற் பதிவான தீக்களுள் இதுவே மிகப் பெரியது. காடு தாம் கருதியதிலும் மிக உலர்ந்திருந்ததென அந்நாட்டு வனச் சேவை தனது ஆய்வில் ஒப்புக்கொண்டது. நாடு முழுவதிலுமுள்ள தனது வனங்களில் இத்தகைய எரிப்புக்களை அச்சேவை 90 நாட்களுக்கு நிறுத்தியும் வைத்தது.

பயிற்சியும் கருவிகளும் உள்ளோர்க்கே இது நேர்ந்ததாயின், தடியும் வாளியுமாக நிற்கும் கமக்காரர் எத்துணை எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நமது கமக்காரர் கைக்கொள்ளக்கூடியவை

வரண்ட காலத்திற் கிழக்கு மாகாணத்தில் வீசும் கச்சானும், வடக்கில் வீசும் சோழகமும், ஊவா மலைகளின் பற்றனைப் புல்லை உலர்த்தும் காற்றும் நாமறிந்தவையே. எரிப்பு நடைபெறுவதும் பெரும்பாலும் இக்காலத்திலேயாம். ஆதலின் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. வைக்கோலை எரித்தலாகாது. நெற்பயிர் நிலத்திலிருந்து எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே உள்ளது. எரித்தால் அதிலுள்ள நைதரசனும் புகையுடன் போய்விடும். வைக்கோலை வயலுக்கே இட்டு உழுதல் நன்று. தோட்டத்துச் சருகையும் கூட்டெருவாக்கலாம்.

2. அரச காட்டிற்குத் தீயிடுதல் சட்டப்படி குற்றமாகும். சொந்த நிலத்தில் எரிக்க நேரின், அயலவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும்.

3. எரிப்பதற்கு முதல்நாள் இரவிலும் அன்று காலையிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலைக் கேட்டறிக. மழை உண்டா என்பதை மட்டுமன்றி, காற்றின் திசையையும் வேகத்தையும் கவனிக்குக.

4. எரிக்கவிருக்கும் நிலத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் நுனியில் துணிக்கீற்றைக் கட்டி விடுக. காற்று எத்தனை மணிக்கு எழுகின்றது, எத்திசைக்குத் திரும்புகின்றது என்பதை மூன்று நாட்களுக்குக் குறித்துக்கொள்க. கரையோரத்தில் பிற்பகற் கடற்காற்றினால் திசை முற்றாக மாறக்கூடும். இக்குறிப்பே உங்கள் நிலத்திற்கு நீங்கள் செய்யும் எதிர்வுகூறலாகும்.

5. நிலத்தைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாதவாறு செதுக்கி, நீரும் ஆட்களும் ஆயத்தமான பின்னரே தீ மூட்டுக. முதலில் ஒரு சிறு குவியலை எரித்துப் புகை செல்லும் வழியைப் பார்க்குக. காற்றுச் சென்று சேரும் ஓரத்திலிருந்து தொடங்கினால், தீ காற்றை எதிர்த்து மெதுவாக நகரும். எதிர்பாராத திசையிற் புகை சென்றால் உடனே அணைத்து, வேறொரு நாளுக்கு ஒத்திவைக்குக.

6. சுவாலை அடங்கியது கொண்டு தீ அணைந்ததென எண்ணற்க. வேர்களையும் குற்றிகளையும் கிளறி நீர் ஊற்றி, சாம்பலுக்கு அருகே புறங்கையைப் பிடித்துச் சூடு உண்டா என்று பார்த்தல் வேண்டும். அடுத்து வரும் நாட்களிலும், சிறப்பாகக் காற்று மிகும் நாட்களில், மீண்டும் சென்று பார்க்குக.

ஐயமுள்ளவிடத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை முன்னரே கலந்தாலோசிக்குக. ஒரு நாள் பொறுத்து எரிப்பதனால் விதைப்பு ஒரு நாளே பிந்தும். தவறான நாளில் மூட்டிய தீ, உங்கள் விளைவை மட்டுமன்றி அயலவரின் விளைவையும் வீட்டையும் கொண்டுபோகும்.